பார்க்கும் உரிமை யாருக்கு?

“அடிச்சது பொண்டாட்டியத்தானே, பிள்ளைய இல்லையே?” பாளையங்கோட்டை நீதிமன்ற வராந்தாவில் பலமுறை கேட்டிருக்கிறேன். கதவிடுக்கில் நின்று பார்த்த பிள்ளைக்கு அந்த அடி படவில்லையா?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தகப்பன் பிள்ளையைப் பார்க்க ஏற்பாடு செய்ய நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சந்திப்பு பிள்ளைக்குக் கேடு என்று அவர் கருதினால் மறுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. ‘மறுக்கலாம்’ அல்ல.

ஆனால் “ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும், பார்த்துட்டுப் போகட்டும்” என்று சமாதானம் பேசுகிறார்கள். பிள்ளையே அப்பாவுக்கு ஏங்கினால் அது நல்ல வழிதான்; அடி விழாது. “இப்ப எந்தத் தெருவுல இருக்கீய, ராசா?” என்று மிட்டாயோடு கேட்டால்? காவலுக்கு இருப்பவர் கையைத்தான் பார்ப்பார். வீடு மாறி ஒளிந்திருக்கும் தாய்க்கு அந்தக் கேள்வியே அடி. பதில் சொல்வதா, மறைப்பதா என்று விழிப்பது ஆறு வயதுப் பிள்ளை.

அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டது யார் என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.