மாக்கோழியும் திரைக்குருதியும்

அருகப் பெருமான் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி, நம் இல்லங்கள் பலவற்றில் இன்று எழுந்து நிற்கும் ஒரு வினாவை ஆராயப் புகுவோம். சிராவக சிராவகியர்களே! இருள் சேருமுன் உணவு கொண்டு, கிழங்கு வகைகளை விலக்கி, வடிகட்டிய நீரையே பருகும் குடும்பத்தில் வளர்ந்த பெண், தன் பதின்மூன்றாம் வயதில் ஒரு கதைநூலைக் கையிலெடுக்கிறாள். அந்நூலில் பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்கின்றனர். தாய் பதறுகிறாள். "எறும்பையும் மிதியாதே என்று சொல்லி வளர்த்த குழந்தைக்கு இது என்ன படிப்பு?" என்கிறாள். மகளோ, "அம்மா, இது கதைதானே! உண்மையில் யாரும் சாகவில்லையே!" என்கிறாள். இவ்விருவருள் ஆகமம் யார் பக்கம் நிற்கிறது?

மகளின் விடையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அது புதிய விடையன்று. நம் முன்னோர் அதனை நன்கறிவர். உஞ்சயினி வேந்தன் யசோதரன் சொன்ன விடையும் அதுவே. தாய் சந்திரமதி சண்டமாரிக்கு உயிர்ப்பலி தர வேண்டுமென்று வற்புறுத்தியபோது, கொலைக்கு அஞ்சிய அவன் மாவினால் ஒரு கோழி செய்வித்து, அதனை வாளால் வெட்டினான். மாவிற்கு உயிரில்லை, குருதியில்லை, துடிப்புமில்லை. "யாரும் சாகவில்லையே" என்று அவனும் எண்ணியிருப்பான். ஆயினும் அவ்வினையின் பயனாக மகனும் தாயும் மயிலும் நாயுமாக, முள்ளம்பன்றியும் பாம்புமாக, மீனும் முதலையுமாகப் பிறந்து பிறந்து, வெட்டுண்டும் கடியுண்டும் உழன்ற வரலாற்றை யசோதர காவியம் விரித்துரைக்கின்றது. வெட்டப்பட்ட பொருள் மாவு. வெட்டியவன் உள்ளத்திலிருந்ததோ கோழி. உயிருக்கு ஊறு செய்யும் திரவிய ஹிம்சை அங்கே நிகழவில்லை. கொல்லும் கருத்தாகிய பாவ ஹிம்சை முழுமையாக நிகழ்ந்தது. ஆகவே "கதைதானே" என்னும் சொல் நம் நெறியில் ஒருவரையும் விடுவிப்பதில்லை.

இதைக் கேட்டதும் தாய்மார் மகிழ்ந்து, அப்புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட எழ வேண்டா! அதே காவியம் எவ்வாறு தொடங்குகிறது என்பதையும் நினைவு கூருங்கள். மாரிதத்தன் என்னும் அரசன் தேவிக்கு மனித இரட்டையரைப் பலியிட விழைகின்றான். சண்டகருமன் தேடிச் செல்கின்றான். சுதத்தாசாரியரின் சங்கத்திலிருந்து சரியைக்கு வந்த அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறந்த இளஞ்சிறார் இருவர் அவன் கையில் அகப்படுகின்றனர். பலிபீடத்தின் முன் நிறுத்தப்படுகின்றனர். அரசன் வாளேந்தி நிற்கின்றான். சிறுவர் மீது ஓங்கிய வாளன்றோ நம் காவியத்தின் வாயில்! இக்கதையைச் சோமதேவர் 959-இல் யசஸ்திலகத்தில் பாடினார். புஷ்பதந்தர் அபப்பிரம்சத்தில் பாடினார். கன்னடத்தில் ஜன்னர் 1209-இல் பாடினார். தமிழில் பெயர் தெரியாத சான்றோர் ஒருவர் பாடி, அது ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாயிற்று. சிறார்க்கு நேரும் கொடுமையைக் கதையில் காட்டவே கூடாதென்பது விதியாயின், இச்சான்றோர் அனைவரும் விதி பிறழ்ந்தவராவர். அவ்வாறு சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

எனவே கேட்க வேண்டியது, கொடுமை காட்டப்படுகிறதா என்பதன்று. காண்பவர் உள்ளத்தில் அது எதனை விளைவிக்கிறது என்பதே கேள்வி.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குணவிரதங்களைக் கூறும்போது, பயனின்றித் தீவினை ஈட்டும் அனர்த்த தண்டத்தை ஐந்தாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று துச்ருதி, அதாவது தீயன கேட்டல். அவ்விரதத்தை நம் அருங்கலச்செப்பும் தமிழில் தந்துள்ளது. ஆசாரியர் இன்ன பொருள் பற்றிய நூலைக் கேளாதே என்று பட்டியலிடவில்லை. பற்று, பகை, செருக்கு, காமம், முரட்டுத் துணிச்சல் முதலியவற்றால் உள்ளத்தைக் கலக்குகின்ற நூல்களைக் கேட்பதே துச்ருதி என்றார். அளவுகோல் கேட்பவர் உள்ளத்தில் இருக்கிறது. இக்காலத்துத் தணிக்கைக் குழுக்கள் இந்த அளவுகோலைக் கைக்கொள்ள இயலாது. அவர்களால் எண்ணக் கூடியது திரையில் தெரியும் குருதித் துளிகளை மட்டுமே.

இதற்கு ஒரு சான்று கூறுவேன். மேலே சொன்ன பெண் கையிலெடுத்தது அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008-இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் நூல் எனக் கொள்வோம். கொடுங்கோல் தலைநகர் ஒன்று, தன் கீழுள்ள பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறது. அந்த இருபத்து நால்வரும் ஒருவர் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் காண வேண்டும். தொலைக்காட்சியில் நிலையங்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர் பங்குபெறும் போட்டி நிகழ்ச்சியும் மற்றொன்றில் ஈராக் போர்க் காட்சியும் மாறி மாறி வர, இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தோன்றியதே இக்கதைக்கு வித்து என்று அவ்வம்மையார் கூறியுள்ளார். அவருடைய தந்தையார் வியட்நாம் போருக்குச் சென்றவர். போர் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு உணர்த்தவே எழுதினார் என்பதை ஐயுற வேண்டியதில்லை.

இந்நூல் 2012-இல் திரைப்படமாயிற்று. பிரித்தானியத் திரைப்பட வகைப்பாட்டு வாரியம், பன்னிரண்டு வயதினர் தனியே காண ஏற்றதாக்கும் பொருட்டு ஏழு நொடி அளவுக்குக் குருதித் தெறிப்பையும், புண்ணிலும் படைக்கலத்திலும் தெரிந்த குருதியையும் நீக்கச் செய்தது. பிள்ளைகள் கொல்லப்படுவது அவ்வாறே இருந்தது. குருதி மட்டும் மறைந்தது. சிராவகர்களே, இது மாக்கோழி அன்றி வேறென்ன? குருதியின்றி வெட்டினால் குற்றமில்லை என்று யசோதரனுக்குத் தோன்றியது போலவே அவ்வாரியத்திற்கும் தோன்றியது. என் கருத்தில், வலியில்லாத கொலையே பிள்ளைகளுக்கு மிகுந்த தீங்கு பயப்பது. குருதியைக் கண்டு முகம் திருப்பும் பிள்ளைக்கு இரக்கம் இன்னும் உயிருடன் இருக்கிறது. கொலையைக் கண்டும் ஒன்றும் நேராதது போல் அடுத்த காட்சிக்குச் செல்லப் பழகிய பிள்ளைக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்குப் பின், பெற்றோர் வழிகாட்டலுடன் காணத்தக்க படங்களை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கின்றனர். நல்லதே. வயது பார்ப்பது நமக்கும் உடன்பாடு. எட்டாண்டு நிரம்பிய பின்னரே விரதம் ஏற்கும் தகுதி வரும் என்று ஆகமம் கூறும். அவ்வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுதும் வெட்டும் குத்தும் காணும் வழக்கத்தைப் பற்றி நான் வாதிட விரும்பவில்லை. அது கூடாது.

இனி, தந்துல மத்ஸ்யத்தின் கதையை இங்கே சொல்லாமல் போவது முறையன்று. சுயம்புரமணக் கடலில் ஆயிரம் யோசனை நீளமுள்ள பெருமீன் ஒன்று வாய் திறந்து உறங்குகிறது. எண்ணற்ற மீன்கள் அதன் வாயில் புகுந்து வெளியேறுகின்றன. அதன் செவியில் அரிசியளவே ஆன சிறுமீன் ஒன்று வாழ்கிறது. அது எவ்வுயிரையும் விழுங்கியதில்லை; விழுங்கவும் இயலாது. ஆயினும் நாள்தோறும், "இவ்வுடல் எனக்கு வாய்த்திருப்பின் ஒன்றையும் தப்ப விடேனே!" என்று எண்ணியவாறு பார்த்துக்கொண்டிருந்தது. பெருமீன் சென்ற ஏழாம் நரகத்திற்கே சிறுமீனும் சென்றது. பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரும் பாவ பாகுடத்தில் இம்மீனை எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். பார்வையாளனுக்கு இதனினும் கூர்மையான எச்சரிக்கை எந்தச் சமயத்து இலக்கியத்திலும் உளதோ, நான் அறியேன்.

ஆசாரியர்கள் ஹிம்சானந்தம் என்று ஒரு ரௌத்திரத் தியானத்தைக் கூறுவது இதனையே. கொலையைக் காண்பதில் மகிழ்ச்சி கொள்ளுதல். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் மூன்றாவதாகிய அனுமோதனை. அந்நூலில் வரும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ரூ, ஈட்டி பாய்ந்து இறக்கிறாள். பதினாறு வயது நாயகி காட்னிஸ் அவளுக்குப் பாட்டிசைத்து, உடலை மலர்களால் மூடுகிறாள். அப்பகுதியைப் படித்து ஒரு பெண் அழுதாளாயின், அவளுக்குக் கருணை பெருகிற்று, அது துச்ருதியன்று. ஈட்டி எறிந்த சிறுவனைக் காட்னிஸின் அம்பு வீழ்த்தும்போது அதே பெண் மகிழ்ந்தாளாயின், அங்கேதான் நாம் நின்று பேச வேண்டும். அவனும் சீட்டில் அகப்பட்ட பிள்ளையே. நூலாசிரியை அதனை மறக்கவில்லை. தன் கையால் மடிந்தவனை எண்ணிக் காட்னிஸ் கலங்குவதாக எழுதியிருக்கிறார். திரையின் வேகத்தில் அக்கலக்கத்திற்கு அத்துணை இடம் கிடைப்பதில்லை. தீயவனென்று காட்டப்பட்ட சிறுவன் விழும்போது அரங்கில் ஒரு கைதட்டல் எழுமாயின், கதையிலுள்ள தலைநகர மக்கள் எழுப்பும் ஆரவாரத்திற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

வணிகர் இந்த வேறுபாட்டை விரைவிலேயே அழித்துவிட்டனர். 2013-இல் இரண்டாம் படம் வந்தபோது, கவர்கேர்ள் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனம் அத்தலைநகரின் பெயராலேயே முகப்பூச்சு வகைகளை விற்றது. பிள்ளைகள் சாவதைக் கண்டு களிக்கும் நகரத்தாரின் அலங்காரத்தை, அதனைக் கண்டு வெறுக்க வேண்டிய பெண்களுக்கே விற்றார்கள்! நூலாசிரியை எழுதிய எள்ளலை இவ்வளவு பொருத்தமாக மெய்ப்பிக்க வேறு யாராலும் இயலாது.

படமென்று வந்துவிட்டபோது மாவன்று, மெய்யான குழந்தைகளே அங்கே நிற்கின்றனர் என்பதையும் மறவாதீர். அலறுபவளாக நடிக்கும் சிறுமி உண்மையிலேயே தொண்டை வறள அலற வேண்டும். காட்சி சரியில்லையெனில் மீண்டும் அலற வேண்டும். குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேலும், இடைவேளையின்றி மூன்று மணி நேரத்திற்கு மேலும் பணி செய்யலாகாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தம் குழந்தையின் முகம் திரையில் தெரிய வேண்டுமென்று ஆசைப்படும் பெற்றோர் நம்மவருள்ளும் இருக்கக் கூடும். அவர்கள் அவ்விதிகளைப் படித்துவிட்டு, அதன்பின் அந்தக் காட்சி எதுவென்றும் கேட்டறிதல் கடன்.

தாயின் பக்கம் நிற்க வேண்டிய இடமும் இங்கே உண்டு. நூலைப் படிக்கும் பெண் தான் வேண்டும்போது நிறுத்தலாம்; மூடிவைத்து அழலாம்; மறுநாள் தொடரலாம். படம் அவ்வாறு காத்திருப்பதில்லை. ஜப்பானில் கின்ஜி புகசாகு 2000-இல் எடுத்த 'பேட்டில் ராயல்' என்னும் படம் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்வதைப் பற்றியதே. அவர் தம் பதினைந்தாம் வயதில், இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலையில் பணியாற்றிக் கண்முன்னே தோழரை இழந்தவர். அவர் துயரம் மெய்யானது. ஆயினும் அப்படத்தை அந்நாட்டிலேயே பதினைந்து வயதுக்குட்பட்டோர் காணத் தடை இருந்தது. எடுத்தவரின் துயரம் காண்பவரிடம் துயரமாகவே சென்று சேரும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆதலின் பிள்ளைகளைப் பெற்றோர்க்கு நான் கூற விரும்புவது, புத்தகத்தைப் பிடுங்காமல் நீங்களும் படியுங்கள் என்பதே. ஆங்கிலம் கடினமாயின் மகளையே படித்துக் கதை சொல்லச் செய்யுங்கள். பதிலுக்கு நீங்கள் அபயருசி, அபயமதி கதையைச் சொல்லுங்கள். வாளேந்திய மாரிதத்தன் முன் நின்ற அச்சிறார் அழவில்லை, அம்பும் எடுக்கவில்லை; அஞ்சாமை ஏனென்று அரசன் வினவ, தம் பழம்பிறவிகளைக் கூறினர். கேட்டவன் வாளை விடுத்தான், துறவும் ஏற்றான். வாளுக்கு முன் இரண்டு பெண்பிள்ளைகள், காட்னிஸும் அபயமதியும், என்ன செய்தனர் என்று உங்கள் மகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இல்லறத்தார்க்கு விரோதி ஹிம்சை முற்றும் விலக்கப்படவில்லை என்று அவள் வாதிடலாம். வாதிடட்டும், அதுவும் ஆகமம் கூறுவதே. தன்னையும் தன்னை அடுத்தவரையும் காக்க எய்த அம்பு வேறு, சங்கல்ப ஹிம்சை வேறு என்று அவளுக்கு அப்போது விளக்குங்கள்.

அதற்கு ஏற்ற இடம் 2010-இல் வந்த மூன்றாம் நூலின் இறுதிப் பகுதியில் இருக்கிறது. எந்தத் தங்கைக்காகக் காட்னிஸ் தானே முன்வந்து களம் புகுந்தாளோ, அத்தங்கையே குண்டு வீச்சில் மடிகிறாள். போர் முடிகிறது, தலைநகர் வீழ்கிறது. எஞ்சிய வெற்றியாளர் எழுவரை அமர்த்தி ஒரு வினா எழுப்பப்படுகிறது: தோற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டு கடைசியாக ஒருமுறை அதே ஆட்டத்தை நடத்தலாமா? மூவர் மறுக்கின்றனர். காட்னிஸோ இறந்த தங்கையின் பேரைச் சொல்லி இசைகிறாள். அவள் உள்ளத்தில் வேறு திட்டம் இருந்ததா என்பது பற்றிப் படித்தவர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அந்தப் பக்கத்தில் நூலை மூடச் சொல்லி, அந்த மேசையில் எட்டாவதாக நீ அமர்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று மகளைக் கேளுங்கள். உடனே விடை வராவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். மறுநாள் கோயிலுக்குச் செல்லும் வழியில் அவளாகவே சொல்லக்கூடும்.