படிச்சுக் காட்டாத கையெழுத்து

பொங்கல் லீவில் உத்திரமேரூர் வீட்டில் ராபர்ட் எக்கர்ஸின் 'நோஸ்ஃபெராட்டு' (2024) பார்த்தேன். "தனியாப் பாக்காதே" என்று நண்பர்கள் எச்சரித்திருந்த ரத்தக்காட்டேரிப் படம். நிழல், மெழுகுவர்த்தி, எலிகள் எல்லாம் இருந்தன. பயம்தான் வரவே இல்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை கொட்டாவி விட்டார்.

ஒரே ஒரு இடத்தில் அவர் கை நின்றது. தாமஸ் என்ற இளைஞன் வீடு விற்கும் வேலையாக ஆர்லாக் பிரபுவின் கோட்டைக்குப் போகிறான். ஆர்லாக் அவனுக்குத் தெரியாத மொழியில் எழுதிய ஒரு பத்திரத்தை நீட்டுகிறான். தாமஸ் கையெழுத்துப் போடுகிறான். பொற்காசு மூட்டை கைக்கு வருகிறது. மனைவியையே எழுதிக்கொடுத்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிகிறது.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டல இல்ல?"

"இல்லத்தை."

"அப்புறம் அது எப்படிடா கையெழுத்தாவும்?"

அத்தைக்கு இந்தக் காட்சி தெரியும். சில வருஷம் முன்னால் ஒரு குழுக் கடனுக்காக, இங்கிலீஷில் இருந்த தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார். இன்னொருத்தி கட்டாத தவணை இவர் தலையில் விழுந்தது. வசூலுக்கு வந்தவர்கள் பொழுது சாயும்வரை திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கம்மல் போச்சு. "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று எல்லாரும் கேட்டார்கள். காலேஜ் படித்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன்.

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லையா? படிக்காத கையெழுத்தெல்லாம் செல்லாது என்றால் யாரும் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது. மொபைலில் நானும் எதையும் படிக்காமல்தான் 'சம்மதம்' என்று அழுத்துகிறேன். ஆனால் படிக்க முடிந்தும் படிக்காதது என் சோம்பேறித்தனம். அத்தைக்குப் படிக்கவே முடியாது. தாளை நீட்டியவருக்கு அதுவும் தெரியும். தாளில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியுமோ, பொறுப்பும் அவருக்குத்தான் அதிகம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமே வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கியதைச் சுதந்திரமான சம்மதமாக ஏற்பதில்லை.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது, சுமார் கி.பி. 920. எல்லாரும் தேர்தலைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு விதி. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பேரை வாசிக்க வேண்டும். அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும். அந்தச் சபையில் அத்தைக்கு இடம் இருந்திருக்காது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. ஆனாலும் கையை மூடாதே, எல்லார் காதிலும் விழும்படி படி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஏமாற்று எங்கே நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தின் மேல் என் ஏமாற்றமும் இதுதான். "அந்தக் கையெழுத்து செல்லுமா?" என்ற கேள்விக்குள் படம் போகவே இல்லை. நீயாகவே மனசார வரணும் என்று தாமஸின் மனைவி எலனிடம் சொல்லும் ஆர்லாக், மூன்று ராத்திரி கெடு வைத்து அதற்குள் கொலையும் செய்கிறான். கடைசியில் பொழுது விடியும்வரை அவனைப் பிடித்துவைத்து எலன் செத்துப்போகிறாள். படம் அதைத் தியாகம் என்கிறது. தவணை கட்டினது எலன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

படம் முடிந்ததும், "அன்னைக்கு நான் உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுத்தை" என்றேன்.

அத்தை பூப்பந்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீயாவது இப்ப சொன்ன."