வாள் யார் கையில்?

சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’, அதாவது வாள், என்று ஒரு பெயருண்டு. தம்மை வெட்டி விலக்கிய மொழிக்கு எளியவர்கள் இட்ட பெயர் அது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. வாள் மேட்டுக்குடியின் உறையிலேயே கிடந்தது. 1987இல் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. அது இன்றும் பிரிப்பதையே நாம் காண்கிறோம்.

தேசிய கல்வியியற் கல்லூரியில் ஈராண்டு பயின்று, மூன்றாம் ஆண்டில் பாடசாலைக்குப் பயிற்சிக்குச் செல்லும் இளம் ஆங்கில ஆசிரியர்களை எண்ணிப் பார்ப்போம். அவர்களுட் பலர் அவ்வாளால் வெட்டுண்டவர்கள். தம் உச்சரிப்பைப் பிறர் நகைப்பரோ என்னும் அச்சம் அவர்களை இன்னும் விட்டகலவில்லை. இப்போதோ வாள் அவர்கள் கையில்.

பின்வாங்கில் ஒரு சிறுவன் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் சொல்கிறான். வகுப்புச் சிரிக்கிறது. ஆசிரியரும் சிரித்தால், பழைய துரைமாரின் வாசலுக்கு அவர் புதிய காவலாளி. சிரிப்பை அடக்கி, “இன்னொருமுறை சொல், தம்பி” என்றால், அவர் அச்சிறுவனின் ஆசிரியர். பிழையைத் திருத்துதல் கடமை. பிழைத்தவனைச் சிறுமைப்படுத்துதல் வர்க்கத் திமிர்.

சான்றிதழ் நமக்குத் தொழிலைத் தரும். நாம் எவர் பக்கம் என்பதை அந்த ஒரு கணத்தில் நாமே தீர்மானிக்கிறோம்.