விரிசலும் மெருகும்

குறையை மறைப்பது வேறு. குறையைச் செப்பனிடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லை யாது? தச்சுப் பட்டறையில் கிடக்கும் ஒரு மேசைப் பலகை இவ்வினாவுக்கு நல்லதொரு விளக்கம் தருகிறது.

வெட்டுண்ட மரம் தன்னுள் இருந்த நீரை இழந்து சுருங்குகிறது. வளர்ச்சி வளையங்களின் போக்கில் நேரும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கி நேரும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. இந்தச் சமமின்மையே பலகையைப் பிளக்கிறது. ஆகவே விரிசல் மரத்தின் குற்றமன்று. அது வாழ்ந்து, வீழ்ந்து, உலர்ந்த வரலாற்றின் தடம்.

சிங்கப்பூர், மலேசியச் சாலையோரங்களில் நிழல் பரப்பும் தூங்குமூஞ்சி மரம் அகன்ற பலகைகளைத் தருவது. அத்தகைய பலகைகளின் விரிசல்களை எப்பாக்சிப் பிசினால் நிரப்புவது இன்றைய வழக்கம். அப்பிசின் இரு நீர்மங்கள் கலந்து இறுகுவது. இறுகும்போது வெப்பம் வெளிப்படும். ஆழமான பிளவில் ஒரேயடியாக ஊற்றினால் வெப்பம் மிகுந்து பிசினே வெடித்துவிடக்கூடும். அதனால் அடுக்கடுக்காக ஊற்றுவர். மரம் நன்கு உலராதிருப்பின், நிரப்பிய இடத்தின் அருகிலேயே மீண்டும் பிளக்கும். காரணம் தீராமல் காயம் மட்டும் அடைபடுவதால் பயனில்லை.

பிசின் முற்றும் இறுகிய பின்னரே தேய்ப்பு தொடங்கும். 80ஆம் எண் கொண்ட சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, 120, 180, 220 எனப் படிப்படியாக மென்மையான தாளுக்குச் செல்வர். மரமும் பிசினும் ஒரே கடினம் உடையவை அல்ல; ஆதலின் தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்ப்பர். ஒவ்வொரு தாளும் முன்னதன் கீறலை நீக்கித் தன் நுண்கீறலை விட்டுச் செல்லும். ஒரு படியைத் தாண்டிவிட்டால் பழைய கீறல் அப்படியே தங்கிவிடும். வெறும் பலகையில் அது எளிதில் புலப்படாது. எண்ணெய் ஏறியவுடன் பளிச்சென்று தோன்றும். மெருகு குறையை மறைக்கும் என்பது பொதுவான எண்ணம். அது குறையைக் காட்டிக்கொடுக்கும் என்பதே தச்சர் அறிந்த உண்மை.

இனி, மரத்தின் நிறத்தையே பிசினுக்கு ஊட்டி, விரிசல் இருந்த சுவடே தெரியாமல் செய்வது முறையா? தனக்கென மேசை செய்பவன் அவ்வாறு செய்தால் அது அவன் விருப்பம். வாங்குபவன் அறியாதபடி விற்பவன் செய்தால் அது வஞ்சனை. பிசின் அதேதான், அதை ஊற்றியவனின் நோக்கமே அறத்தையும் அறமின்மையையும் பிரிக்கிறது.

அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய மரபினரான ஜார்ஜ் நகாஷிமா (1905–1990), 1930களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர். பின்னாளில் மரத்தொழிலில் புகழ்பெற்ற அவர், விரிசலுற்ற பலகைகளை ஒதுக்கவில்லை. பிசினை நாடாமல், பிளவின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்து அதைப் பிணைத்தார். பிளவும் தெரிந்தது, பிணைப்பும் தெரிந்தது. மேசையின் உறுதி குறையவில்லை; அழகும் குறையவில்லை.

அவ்வாறாயின், குறைகளை எல்லாம் பறைசாற்றுவதே நேர்மையா? அன்று. பலகையில் விரிசலுக்கு ஒளிரும் சாயம் ஊட்டுவது சுவை பற்றியது. மனிதன் தன் காயத்தையே அணிகலனாக்கித் திரிவதோ வேறுவகைச் செருக்கு.

நல்ல செப்பத்தின் இலக்கணம் எளியது: கைக்குத் தடையில்லை, கண்ணுக்கு ஒளிவில்லை. பிரிந்த நண்பர்களின் உறவுக்கும் இது பொருந்தும். மன்னிப்பு என்பது நடந்ததை நடவாததாகக் காட்டுவதன்று. வருத்தமும் பேச்சும் பொறுமையும் படிப்படியாகச் செயற்பட்டு, பழைய பிளவு இனி எவரையும் கீறாதபடி செய்வதே மன்னிப்பு. படிகளைத் தாண்டி அவசரமாகப் பூசிய நட்பில், முதல் மகிழ்ச்சியின் ஒளியிலேயே பழைய கீறல்கள் வெளிப்பட்டுவிடும்.