பயனில சொல்லும் பழகிய நட்பும்

திருக்குறளின் 20-ஆம் அதிகாரம் 'பயனில சொல்லாமை'. அறத்துப்பாலில், புறங்கூறாமைக்கும் தீவினையச்சத்திற்கும் இடையே அது அமைந்திருக்கிறது. புறங்கூறுதல் தீது என்பதை எவரும் ஒப்புவர்; தீவினைக்கு அஞ்சுதல் வேண்டும் என்பதையும் எவரும் மறுக்கார். இவ்விரண்டிற்கும் நடுவே வெறும் பேச்சையும் வைத்து, அதனைப் பாராட்டித் திரிபவனை மனிதப் பதர் என்றே வள்ளுவர் ஒதுக்குவது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஒரு நாள் முழுதும் நாம் பேசியவற்றை அன்றிரவே ஒரு தாளில் எழுதிப் பார்ப்போமாயின், எத்தனை வரிகள் தேறும்? 'சாப்பிட்டாச்சா?', 'இன்றைக்கும் மழை வரும் போலிருக்கிறதே', 'பஸ்ஸில் என்ன கூட்டம்!' இவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது அரைப் பக்கமும் இராது. அங்ஙனமாயின், நண்பர்களோடு நாம் கழித்த மாலைகள் யாவும் பதர்தாமா? இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரை முன்வைத்து ஆராய விரும்புகிறோம். ஒளிப்படக் கலையில் ஈடுபாடு கொண்டு கூடும் நண்பர் குழுக்களே அவர்கள்.

ஏன் அவர்களைத் தேர்ந்தோம் எனில், பேச்சு தேவைப்படாத கலை அவர்களுடையது. பாட்டுக்கு நாவு வேண்டும். நாடகத்திற்குக் குரல் வேண்டும். ஒளிப்படத்திற்கோ கண்ணும் கையும் போதும். ஆயினும் இக்கலைஞர்கள் கூடினால் பேச்சு ஓய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டின் முன்புறம் சென்று நிற்பவர் இதனை நேரில் காணலாம். 1927-இல் எழுப்பப்பட்டு 1933-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், 2012 பிப்ரவரியில் நேர்ந்த தீயில் பல கடைகளை இழந்த பின்னும், பூவும் கனியும் மீனுமாக விடியலிலேயே விழித்துக்கொள்கிறது. கூடைகளின் மீது சாய்ந்து விழும் இளவெயிலை நாடிக் காமிராவும் கையுமாகச் சிலர் வருவர். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆளுக்கொரு மூலையில் மறைந்து போவர். பிறகு தேநீர்க் கடையில் ஒன்று கூடுவர். அங்கே நிகழும் உரையாடலில் கலை நுட்பம் மிகுதியாக இருக்கும் என எண்ணிச் செவி சாய்ப்பவர் ஏமாந்தே போவார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவர் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி. சென்ற வாரம் வராதவர் ஏன் வரவில்லை என்னும் விசாரணை. பழைய லென்ஸில் படிந்த பூஞ்சைக்கு வைத்தியம். வடை நேற்றைய வடைதானா என்னும் ஐயம். தமிழில் தொடங்கும் வாக்கியம் உருதுவில் நடந்து கன்னடத்தில் முடிவதும் உண்டு.

பெங்களூருக்கு இத்தகைய கூட்டுறவு புதிதன்று. இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு 1950-களின் தொடக்கத்தில் உருவாக முன்னின்று உழைத்த டாக்டர் ஜி. தாமஸ் இந்நகரத்தவர். இளைஞர் ஒளிப்படச் சங்கம் இங்கே 1971-இல் தோன்றி இன்றும் இயங்கி வருகிறது. காட்டுயிர் ஒளிப்படத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய ஓ.சி. எட்வர்ட்ஸ், ஈ. அனுமந்த ராவ், டி.என்.ஏ. பெருமாள் ஆகியோரும் இம்மண்ணில் வாழ்ந்தவர்களே. இவர்களுள் பெருமாள் தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வேரூன்றியவர் என்பது, பிழைப்பை நாடி இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும். எட்வர்ட்ஸிடம் கற்றுத் தேர்ந்து, 2017-இல் மறையும் வரை, தம்மை நாடி வந்த இளையோர் பலருக்கு அவர் ஆசானாக விளங்கினார்.

பறவையின் கூட்டருகே மறைவிடம் கட்டி அதனுள் அமர்பவர் பேசுதல் கூடாது, இருமுதலும் கூடாது. ஒரு முழு நாள் காத்திருந்தும் படம் கிட்டாமல் திரும்புவது அத்தொழிலில் இயல்பு. அத்தனை நேரம் வாய்மூடி இருந்தவர் வெளியே வந்தவுடன் யாரிடமாவது எதையாவது பேசியே தீர வேண்டும் என்னும் வேட்கை கொள்வதில் வியப்பென்ன? மௌனத்தில் பயின்றவர்களே உரையாடலின் அருமையை மிகுதியும் உணர்வர் போலும்.

பிலிம் வழங்கிய காலத்தில் இதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் செய்த 'இந்து' பிலிமை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 35 மில்லிமீட்டர்ச் சுருள் ஒன்றில் 36 படங்கள். அவை தீரும் வரை காத்திருத்தல் வேண்டும். கழுவும் வரை காத்திருத்தல் வேண்டும். அச்சிடும் வரையும் காத்திருத்தல் வேண்டும். எடுத்த படம் எவ்வாறு வந்திருக்கும் என்பது எடுத்தவருக்கே தெரியாத அந்த இடைவெளியை நிரப்பியது பேச்சுதான். இருட்டறையின் செவ்விளக்கில், தட்டிலுள்ள வெள்ளைத் தாளின்மேல் ஒரு முகம் மெல்ல மெல்லத் தோன்றிவரும் வரை, தோளோடு தோள் நின்ற இருவர் சும்மா நிற்பரோ? வீட்டுக் கதைகளெல்லாம் அவ்விருளில் வெளிப்பட்டன. இப்பொழுது படம் எடுத்த நொடியிலேயே காமிராவின் முதுகில் தெரிந்துவிடுகிறது. காத்திருத்தல் ஒழிந்தது. பேச்சு மட்டும் ஒழியவில்லை. ஆகவே நேரத்தைப் போக்குவதற்காகவே அவர்கள் பேசினர் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர் 1923-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இத்தகைய பேச்சுக்குத் தனிப்பெயர் சூட்டினார். பசிபிக் தீவு மக்களிடையே தங்கி ஆராய்ந்த அவர், நலம் வினாவுதலும் வானிலையைக் குறித்து உரைத்தலும் செய்தி அறிவிப்பதற்காக நிகழ்வன அல்ல, மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காக நிகழ்வன எனக் கண்டார். இதற்குத் தீவுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிவாஜிநகரின் ஒரு தெருவே போதும். 'சாப்பிட்டாச்சா?' என்று ஒருவர் கேட்கிறார். 'ஊட்ட ஆய்த்தா?' என்கிறார் எதிர்வீட்டுக்காரர். 'கானா ஹுவா?' என்கிறார் கடைக்காரர். மூவருக்கும் நம் வயிற்றின் நிலையைத் தெரிந்து ஆவதொன்றுமில்லை. 'இல்லை' என்று விடையிறுத்தால் அவர்களே சற்றுத் திகைப்பர்.

பிளாக்பள்ளி என வழங்கிய நாள் முதலே இப்பகுதி பல மொழியினர் நெருங்கி வாழ்ந்த இடம். 1809-இல் ஆங்கிலேயர் படைத்தளம் அமைந்த பின்னர், படையோடும் வணிகத்தோடும் கட்டட வேலையோடும் தமிழர் பெருகினர். நெருங்கி வாழ்தல் வேறு, பிணைந்து வாழ்தல் வேறு என்பதை 1991 டிசம்பர் நமக்குக் கற்பித்தது. காவிரிச் சிக்கலையொட்டி மூண்ட அக்கலவரத்தில் இந்நகரத் தமிழர் பலர் வீடு வாசலை விட்டு அகன்றனர். அத்தகைய நாட்களில் தெருவில் முதலில் நின்றுபோவது கொடுக்கல் வாங்கல் அன்று. அரிசியும் பாலும் எப்படியோ கைமாறிக்கொண்டுதான் இருக்கும். நின்றுபோவது 'ஊட்ட ஆய்த்தா'தான். அது மீண்டும் ஒலித்த பின்னரே அஞ்சியவர் கதவைத் திறந்து வைத்தனர். பயனற்றதென நாம் கணக்கிலிருந்து நீக்கிய அவ்விரு சொற்களின் மதிப்பு, அவை ஒலியாத நாட்களில் வாழ்ந்தவர்க்கே தெரியும். பயனில சொல்லைக் கடிந்த வள்ளுவரின் சிலையே அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் 18 ஆண்டுகள் துணி போர்த்தப்பட்டுப் பேச்சற்று நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அன்று தொட்டு ஒளிப்பட நண்பர்கள் அதனைப் பல கோணங்களில் எடுத்து மகிழ்கின்றனர் என்பதையும் இடையே சொல்லி வைப்போம்.

இனி, வள்ளுவர் பிழையாக உரைத்தாரோ? அவ்வாறு நாம் கருதவில்லை. அவ்வதிகாரத்தைக் கூர்ந்து நோக்கினால், பலர் வெறுக்கும்படி பேசுபவனும், ஒன்றை விரித்து விரித்துப் பேசுபவனுமே அங்கே குற்றவாளிகளாக நிற்கின்றனர். இருவரிடமும் பொதுவாக உள்ள குறை யாது? பேச்சில் பொருளின்மை மட்டும் அன்று. கேட்பவர் முகத்தை அவர்கள் நோக்கவே இல்லை என்பதுதான். எதிரே இருப்பவன் கொட்டாவி விடுகிறான்; இவன் பேசிக்கொண்டே இருக்கிறான். 'முழங்கால் வலி எப்படி இருக்கிறது?' என்று கேட்பவனிடம் புதிய செய்தி எதுவும் இல்லை. ஆனால் அவன் சொல் முழுவதிலும் கேட்பவரே நிறைந்திருக்கிறார். ஆழ்ந்த நூற்பொருளைக் கேட்பாரை மறந்து மூன்று மணி நேரம் முழங்குவதும் பயனில சொல்லே என்று நாம் துணிகிறோம். மேடைகளை நன்கறிந்த சங்க உறுப்பினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இங்கே ஒரு தடை எழும். தமிழர் நட்புக்கு உச்சமாகக் காட்டுவது கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பையன்றோ? ஒருவரையொருவர் காணாமலும் ஒரு சொல் பேசாமலும் வளர்ந்த நட்பு அது. உணர்ச்சி ஒத்தலே போதும், பழகுதல் வேண்டா என்னும் கருத்துக்குப் பரிமேலழகரும் அவர்களையே சான்று காட்டினார். அவ்வாறாயின் தேநீர்க் கடைப் பேச்சு எதற்கு?

மறுக்க இயலாத சான்றுதான். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாண்டி நாட்டில் இருந்த புலவர்க்கு உறையூர் வேந்தனின் பண்பு எவ்வாறு தெரிந்தது? வழிப்போக்கரும் பாணரும் புலவரும் ஊர்தோறும் பேசிச் சென்றமையால் அன்றோ? அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுக்காக நாடே பேசிக்கொண்டிருந்தது. இன்றும், கண்ணாரக் கண்டிராத வெளியூர் அன்பரின் படங்களை மட்டுமே அறிந்து, அவர் உடல்நலம் குன்றினார் எனக் கேட்டு உறங்காதிருக்கும் ஒளிப்படக் கலைஞரை நாம் அறிவோம். அந்நட்பையும் நாள்தோறும் கைப்பேசியில் வந்த 'அங்கே மழையா?' என்னும் வினாக்களே வளர்த்தன. மேலும், வடக்கிருந்து உயிர்நீத்த வேந்தனும் அவனோடு உயிர்நீத்த புலவரும் ஆயிரத்தில் ஒருவர். எஞ்சிய 999 பேருக்கும் தேநீர் வேண்டும். நெடுநாள் ஒன்றாக உப்புண்ட பிறகன்றி ஒருவரையொருவர் அறிதல் அரிது என்று கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் நட்பைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் கூறியிருக்கிறார்.

இதனினும் வலிய தடை வேறொன்று உண்டு. இனிய பேச்சு முகமனாகத் திரிந்துவிடுதல் எளிது. எவர் எப்படத்தைக் காட்டினும் 'அருமை', 'அற்புதம்' என்பதே விடையாக வந்தால், குழு இன்பமாகத்தான் இருக்கும். கலை அங்கேயே நின்றுவிடும். நட்பு நகைத்து மகிழ்வதற்கு மட்டும் ஆவதன்று, வேண்டுமிடத்து இடித்துரைப்பதற்கும் ஆவது என்று வகுத்தவரும் வள்ளுவர்தாமே. நாம் அறிந்த ஒரு குழுவில், உறுப்பினர் ஒருவர் மரியன்னை பேராலயத் தேர்த்திருவிழாவில் எடுத்த படத்தை மிகுந்த பெருமையுடன் காட்டினார். செப்டம்பர் 8-ஆம் நாள் மாலை, மக்கள் வெள்ளம், நடுவே தேர். மூத்தவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, 'தம்பி, இதில் தேர் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. நீ எங்கே நின்றாய் என்பதுதான் தெரியவில்லை' என்றார். முன்பின் அறியாதவர் அவ்வாறு கூறியிருந்தால் இளைஞர் மறுநாள் முதல் வந்திருக்க மாட்டார். ஆனால் அப்பெரியவர், அவ்விளைஞரின் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது நாள் தவறாமல் தொலைபேசியில் 'இன்று கஞ்சி குடித்தாரா?' என்று கேட்டவர். கஞ்சியைக் கேட்ட வாய்க்கே படத்தைக் குறை கூறும் உரிமை வாய்த்தது. 'பழைமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து நண்பரிடையே உள்ள உரிமையை வள்ளுவர் பேசுவது இதனால்தான் போலும். அவ்வுரிமையை ஒரே நாளில் ஈட்ட முடியாது. அற்பப் பேச்சுகளால் காசு காசாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பேச்சு முகமனாகத் திரிந்ததா, நட்பாக முதிர்ந்ததா என்பதற்கு இதைவிடத் தெளிவான உரைகல் நமக்குத் தெரியவில்லை: 'இது தேறவில்லை' என்னும் சொல் அக்குழுவில் ஒலிக்கிறதா?

இத்துடன் நம் ஆராய்ச்சி முற்றுப் பெற்றிருக்கலாம். ஆயினும் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. தேநீர்க் கடையில் எண்மர் கூடி அன்போடு பேசுகின்றனர். அவர்கள் காமிராக்களுக்குள் இருப்போர் யார்? மார்க்கெட்டின் பூக்காரர், மீன் வெட்டுபவர், மூட்டை சுமப்பவர், வாயிலில் அமர்ந்த மூதாட்டி. அவர்களிடம் எவரேனும் ஒரு சொல் பேசினரா? தம்முள் இத்தனை இனிமையாகப் பேசத் தெரிந்தவர், எதிரே நின்றவரின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாய் திறவாமல் வந்துவிடுதல் எங்ஙனம் பொருந்தும்? நட்புக் குழுவுக்கும் ஒரு மதில் உண்டு. உள்ளே வெப்பம் மிக மிக, வெளியே இருப்பவர் குளிரில் நிற்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கேட்பவரை நோக்காத பேச்சு பயனிலதாயின், பேசவே பேசாமல் எடுத்த முகத்தை என்னவென்பது? விலங்கின் படத்திற்கு நாளெல்லாம் மறைவிடத்தில் காத்திருப்பது முறையே. மனிதன் படத்திற்கும் மறைந்திருத்தல் வேண்டுமோ?

மேற்கூறிய குழுவில் ஒருவர் இவ்வாண்டு ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார். எடுத்த படங்களுள் சிலவற்றை அச்சிட்டு, மறு ஞாயிறு உரியவரிடமே சேர்ப்பித்து வருகிறார். செவ்வந்தி விற்கும் ஒருவரிடம், 'பாய், இது உங்கள் படம்' என்று அவர் நீட்டியபோது, பூக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'முகம் நன்றாக வந்திருக்கிறது, சார். ஆனால் கூடையைப் பாதியில் வெட்டிவிட்டீர்களே' என்றார். அனைத்திந்தியப் போட்டியில் பரிசு பெற்ற அன்பர் அவர். சற்று நேரம் படத்தையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்று, கூடை முழுதும் அடங்குமாறு மீண்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, 'சாப்பிட்டாச்சா பாய்?' என்று கேட்டார்.