41 நாளும் மறுநாளும்

அரசாங்கமே டாஸ்மாக் கடைகளை நடத்த ஆரம்பித்த 2003-ல்தான் நானும் ஜீப் ஓட்ட ஆரம்பித்தேன். ராசிங்காபுரத்தில் விடியுமுன் ஆள் ஏற்றி, போடிமெட்டுக்கு அங்கிட்டுள்ள ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். 14 வருஷம் குடித்தேன். வண்டியில் இருந்த பெண்களுக்கு அது தெரியும். கொண்டை ஊசி வளைவு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் வருஷத்துக்கு 41 நாள் நான் குடித்ததில்லை. கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு சொட்டுக் கிடையாது. பச்சைத் தண்ணிக் குளியல், கறுப்பு வேட்டி, ரெண்டு வேளை சரணம். கூடக் குடித்தவர்களே "சாமி" என்று கும்பிட்டு ஒதுங்கிப் போவார்கள். குமுளி வழியாகப் போய் நெய்யபிஷேகம் முடித்துவந்து, ஆத்தா கையால் மாலையைக் கழற்றுவேன். அன்றைக்குச் சாயங்காலமே கடை வாசலில் நிற்பேன்.

மனவுறுதி இல்லாத பயல் என்றார்கள் ஊரில். 41 நாள் இருந்து காட்டியவனை எப்படி அப்படிச் சொல்வது? உறுதி இருந்தது, சாமி பயமும் இருந்தது. 42-வது நாள் என்னை விட்டுப் போனது எது? பல வருஷம் இதற்குப் பதில் தெரியாமலே குடித்தேன்.

கடைசி வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் உடம்பு உதறியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தேனாம். ஆத்தா, "புள்ளைக்கு அருள் வந்துருக்கு" என்று திருநீறு பூசினாள். என் வீட்டுக்காரிதான் நம்பவில்லை. கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குச் சாராயம் சட்டென்று நின்றால் இப்படித்தான் ஆகும், வலிப்பு வரும், உயிரே போகலாம் என்றார் டாக்டர். முந்தின வருஷங்களில் உடம்பு தாங்கியது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸம்மா சீட்டுக்குப் பின்னால் ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். ஏ.ஏ. கூட்டமாம், குடியை விட நினைக்கிற குடிகாரர்கள் கூடிப் பேசுவதாம். பத்து நாள் அது சட்டைப்பையிலேயே கிடந்தது. நடக்கிற இடம் ஒரு சர்ச் பள்ளிக்கூட அறை என்றதும் மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஏழு பேர், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தூக்கில் டீ. பேரைக் கேட்டார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் பேருக்கு அடுத்து எதைக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஏ.ஏ.யின் 12 படிகளை வாசித்தார்கள். முதல் படியே, மதுவின் முன்னால் நமக்குச் சக்தியில்லை என்று ஒத்துக்கொள்வது. எனக்குச் சுருக்கென்றது. "வருஷா வருஷம் 41 நாள் இருந்திருக்கேன்" என்றேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த 41 நாளும் எதை எண்ணிக்கிட்டு இருந்தீங்க தம்பி?"

பதில் வரவில்லை. அத்தனை கார்த்திகையும் நான் நடந்தது கடைக்குத்தான். சபரிமலை வழியில் இருந்தது.

மூன்றாம் படியில் கடவுள் வருகிறார். நாம் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று அங்கே ஒரு சொல் இருக்கிறது. 1939-ல் ஏ.ஏ. புத்தகம் அச்சானபோது, சாமி நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் அடம்பிடித்துச் சேர்க்க வைத்தது. எங்கள் கூட்டத்தில் பெரியார் கட்சிக்காரர் ஒருவர் உண்டு. நான் 41 நாள் போடும் கறுப்பை அவர் வருஷம் பூராவும் போடுகிறார். அவருக்கு மேலான சக்தி எது என்று கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கிற ஏழு பேரைக் காட்டுவார்.

ஏ.ஏ. தொடங்கிய கதையை வாத்தியார்தான் சொன்னார். 1935 மே மாதம், அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊர். குடியை விட்டு ஐந்து மாதமான பங்குத் தரகர் பில் வில்சன், வந்த காரியம் கெட்டு ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். பக்கத்து பாரில் சிரிப்புச் சத்தம். உள்ளே போகாமல் ஒரு பாதிரியாருக்குப் போன் போட்டு, தன்னைப் போல இன்னொரு குடிகாரன் இந்த ஊரில் கிடைப்பானா என்று கேட்கிறார். கிடைத்தவர் பாப் என்ற அறுவை டாக்டர். கால் மணி நேரம் என்று வந்தவர் ஆறு மணி நேரம் பேசினாராம். பில் அவரைத் தேடியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

நான் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் நடுக்கத்தில் டீ விரல் வழியாக வழிந்து வேட்டியில் சொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் தலை குனிந்திருந்தார். சன்னிதானத்தில் 'தத்வமஸி' என்று எழுதியிருப்பதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அது நீயே என்று அர்த்தம் என்பார் குருசாமி. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

இப்போதும் மாலை போடுகிறேன். மாலைக்குள் சக்தி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விரதத்தில் நானும் சாமியும் மட்டும் இருந்தோம், மூன்றாவது ஆள் இல்லை. என் கணக்கில் குறைந்தது அதுதான்.

குருசாமிகளுக்கு ஒரு வார்த்தை. தினமும் குடிக்கிறவன் மாலை கேட்டு வந்தால், முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அப்புறம் போடுங்கள். மூன்றாம் நாள் அவன் உடம்பு உதறினால் திருநீறு பூசி உட்கார வைக்க வேண்டாம். உடனே வண்டி பிடியுங்கள்.