கையிலேந்திய சுடர்



பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்வோர் பலர் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஓர் ஓவியத்தின் முன் நெடுநேரம் நிற்பதுண்டு. நங்கை ஒருத்தி ஒரு கையில் விளக்கேந்தி, மறு கையால் சுடரைக் காக்கின்றாள். அதன் ஒளி அவள் முகத்தில் படர்கின்றது. விரல்கள் செம்மை பூத்து நிற்கின்றன. இது ரவிவர்மா தீட்டியதென்பார் பலர், பிழை. அவர் 1906-லேயே காலமானார். இப்படம் 1945-46-இல் எஸ். எல். ஹல்தாங்கர் தீட்டியது.

விளக்கேந்தி அவர்முன் நின்றவர் அவர்தம் மகளார் கீதா. படத்து நங்கைக்கு ஆண்டுகள் ஏறவில்லை. மகளாரோ நரை திரை எய்தி, 2018 அக்டோபர் 2-ஆம் நாள் கோலாப்பூரில், தமது 102-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

ஓடும் இளமையை நிறுத்திக் காட்டுவது ஓவியர் கைத்திறம். பகவன் காட்டிய உருவமோ வேறு. பிம்பிசாரன் தேவி கேமை தன் எழிலிற் செருக்குற்று, பகவனைக் காணவும் அஞ்சியிருந்தாள். ஒருநாள் வேணுவனத்திற்கு வந்தபோது, பேரழகி ஒருத்தி அவர் அருகே நின்று விசிறக் கண்டாள். பகவன் தமது ஆற்றலால் தோற்றுவித்த உருவம் அது. காணக் காணவே அவ்வுருவம் நரைத்தது, தோல் சுருங்கிற்று, பல் உதிர்ந்தது, விசிறியோடு மண்ணிற் சாய்ந்தது. கேமை மனந்திருந்தினாள். பிக்குணியருள் மெய்யறிவில் முதல்வி என அவளைப் பின்னர்ப் பகவனே போற்றினார்.

படத்து நங்கையும் அந்த முதுமகளும் ஒருவரா, இருவரா? இத்தகைய வினாவை மிலிந்த மன்னன் நாகசேனரிடம் எழுப்பினான். "மன்னவ! இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றோ?" எனத் தேரர் வினவினார். ஒன்றன்று; வேறுமன்று. அவ்விளக்கைச் சார்ந்தே ஒளி இரவு முழுதும் தொடர்ந்தது. மல்லாந்து கிடந்த மகவும் வளர்ந்த மன்னனும் அவ்வாறே என்றார் அவர். தேரர் கூறிய விளக்கு இவ்வோவியத்து நங்கையின் கையிலேயே இருப்பதைக் காணுங்கள். ஓவியர் இதனைக் கருதினாரோ, அல்லரோ. நமக்கு அது பயன்படுகின்றது.

என் இல்லத்தில் நிகழ்ந்ததையும் மறைக்காமற் கூறுகின்றேன். இப்படத்தின் நகல் ஒன்றை வாங்கி முன்னறையில் மாட்டினேன். அதற்குக் கீழே என் அன்னையாரின் கட்டில் கிடந்தது. வருவோர் பார்வைக்கு அஃது அழகன்றென்று கட்டிலைப் பின்னறைக்கு நகர்த்தினோம். அவர் சினக்கவில்லை. "அவளும் விளக்கேற்றுகிறவள்தானே, இருக்கட்டும்" என்றார். அறுபது ஆண்டுகள் எங்கள் மாடத்தில் நாள்தோறும் விளக்கேற்றியவர் அவர். மூப்பைப் பற்றி மேடைதோறும் பேசிவந்த நான் அன்றிரவு உறங்கவில்லை. விடிந்ததும் கட்டில் முன்னறைக்கு வந்தது. படமும் அங்கேயே இருக்கின்றது.

இன்னும் ஒன்றுண்டு. மைசூரிலுள்ள அவ்வோவியம் நீர்வண்ணத்தால் ஆயது. நீர்வண்ணம் ஒளி பட்டுப் பட்டு மங்கும் இயல்பினது. மூவாதவள் என நாம் எண்ணும் அந்நங்கையையும் ஒளியினின்று காத்தல் வேண்டும்.